ஒப்புக்குச் சப்பாணி

குதி என்றால் அது வளையக் கூடாது என்பது கோகிலவாணியின் கட்சி. காலை எடுத்துவிட்டால் எடுத்ததுதான். போய் விழுகிற இடத்தில் விழ வேண்டும். ஆகாயத்தில் வைத்து மனசை மாற்றிக்கொள்வதெல்லாம் ஒரு பிழைப்பா? அவளுடைய சம்பந்தி குழந்தைவேலுவின் கட்சி வேறு. நடுவானத்தில் இப்படி அப்படித் திரும்ப முடியாவிட்டால் அதற்குப் பெயர் குதி அல்ல, கல்லெடுத்து வீசுவது என்பார் அவர். அதையும் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தியம்மா" என்று ஆரம்பித்து, தலையைச் சொறிந்துகொண்டு, தரையைப் பார்த்துச் சொல்வார்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது, அவருக்கு அறுபது. இந்த வயதில் இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாதாடினார்கள் என்றால் சிரிப்பு வரும். ஆனால் டிவியோடு மாட்டிய ஆட்டப் பெட்டியில் கேசட்டைச் சொருகி, ஓடாவிட்டால் உருவி வாயால் ஊதி, மறுபடி சொருகி விளையாடிய கடைசித் தலைமுறை அது. புது ஆட்டங்கள் எல்லாம் கண்ணுக்குள்ளேயே படம் காட்டத் தொடங்கிவிட்ட காலத்திலும், கட்டம் கட்டமாய்ப் புள்ளி தெரிகிற பழைய பாணி ஆட்டங்களைப் புதிதாகச் செய்து இவர்களுக்கு விற்று நாலு கம்பெனிகள் நன்றாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

இவர்கள் ஆடியது 'மாடித் தாவல்'. இரண்டு குட்டி ஆட்கள் மொட்டை மாடி விட்டு மொட்டை மாடி தாவி ஓட வேண்டும். வழியில் கொடியில் துணி தொங்கும், பாயில் வற்றல் காயும், தண்ணீர்த் தொட்டி குறுக்கே நிற்கும், திடீரென்று காக்கை கொத்த வரும். கடைசி மாடியில் ஒரு கொடிக்கம்பம். முதலில் தொட்டவர் ஜெயித்தார். இதில் ஒரு வசதி, ஆளுக்கு ஆள் தன் ருசிக்கு ஆட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். கோகிலவாணியின் ஆளுக்கு வளையாத குதி, மூன்றே உயிர், செத்தால் முதல் மாடியிலிருந்து. குழந்தைவேலுவின் ஆளுக்கு வளைகிற குதி, மாடிக்கு மாடி சேமிப்பு. அவர் போகிற வழியில் இருக்கிற பூந்தொட்டி ஒவ்வொன்றையும் உதைத்து உள்ளே காசு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

"பந்தயத்துல எதுக்குங்க தொட்டியை உதைக்கறீங்க?"

"இருக்குதான்னு தெரியாம எப்படிங்க போறது?"

பொள்ளாச்சியில் கயிறு மில் வைத்திருந்த அந்த மனுஷரின் மகன் கவினுக்கும், கோகிலவாணியின் ஒரே மகள் நேத்ராவுக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. தை மாதம் கல்யாணம். பெண் பார்க்க வந்த அன்று, பஜ்ஜியும் கேசரியும் தீர்ந்த பிறகு யாருக்கும் பேச்சு வரவில்லை. கவின்தான் ஷோகேஸில் இருந்த ஆட்டப் பெட்டியைப் பார்த்து, "அட, எங்கப்பாகிட்டயும் இது இருக்குதுங்க அத்தை" என்றான். அன்றைக்கு ஆரம்பித்தது, ஞாயிறு தவறாமல் தொடர்ந்தது. தந்தையும் மகனும் மூன்று மணிக்கு வந்து, ஆடி, காபி குடித்து, பொழுது சாயக் கிளம்புவார்கள்.

மற்ற நேரங்களில் கோகிலவாணி பெண்ணைப் பெற்றவள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தாள். சம்பந்தி வந்தால் எழுந்தாள், சம்பந்தி உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தாள், மண்டபம் பொள்ளாச்சியிலேயே இருக்கட்டும் என்று அவர்கள் சொன்னபோது "அதுக்கென்னுங்க" என்றாள். இருபத்தைந்து வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தி, ஊரில் பாதிப் பேரைக் கத்திக் கத்தியே வண்டி ஓட்ட வைத்தவளுக்கு இதெல்லாம் நெஞ்சில் நெருஞ்சி முள்தான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகவே மகளை வளர்த்தவள். கார்கள் தாமாக ஓடக் கற்றுக்கொண்டதும் ஸ்கூலை மூடினாள். ஆனால் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்கிற மேடு பள்ளத்தை நிரவ மட்டும் எந்த விஞ்ஞானியும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரம்தான் அவள் மாப்பிள்ளை வீட்டாரின் தலைக்கு மேலே தாவி ஓடினாள். ஆறு ஆட்டம் அவள், ஐந்து ஆட்டம் அவர். அடுத்த வாரம் ஐந்து இவள், ஆறு அவர். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மீதி ஆறு நாளும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

அதில்தான் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்தது.

சம்பந்தி ஒரு மாடியில் நின்று நிதானமாக மூன்று தொட்டி உதைக்கிறார். துணியில் சிக்கிக் கீழே விழுகிறார். அப்படியும் கடைசியில் பார்த்தால் அவளுக்கு ஒரு எட்டு பின்னால்தான் இருக்கிறார். தொட்டி உதைக்கிற ஆள் இவ்வளவு கிட்டத்தில் எப்படி வர முடியும்? யாரோ அவரைத் தூக்கிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் பதினொன்றுக்குப் பத்து அவள் ஜெயித்திருக்க வேண்டாமா?

மகளிடம் கேட்டாள். நேத்ராவுக்கு அந்த மாதிரி ஆட்டப் பெட்டிகளுக்கு உள்பாகம் செய்கிற கம்பெனியில்தான் வேலை.

"ஏங்கண்ணு, இந்த மிஷின் உன்ற மாமனாருக்கு ஏதாச்சும் தூக்கிக் குடுக்குதா?"

நேத்ரா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "சமனி இருக்குதும்மா. இப்ப வர்ற எல்லாப் பெட்டியிலயும் இருக்குது."

"அதென்ன சமனி?"

"நம்ம டிரைவிங் ஸ்கூல் கார்ல உன்ற காலுக்கடியில இன்னொரு பிரேக் இருந்துச்சில்ல? பழகறவங்க தடுமாறினா நீ கமுக்கமா அமுக்குவே. அவங்க, நாமதான் வண்டிய நிறுத்தினோம்னு நெனச்சுச் சிரிச்சுக்குவாங்க. அது மாதிரிதான். கையில புடிக்கிற பலகை நாடியப் பாக்குது. யாருக்கு மனசு ஒடையற மாதிரி இருக்குதோ அவங்களுக்கு மட்டும் ரெண்டு மாடிக்கு நடுவால இருக்கற சந்து ஒரு நூல் குறுகும். காக்கா கொஞ்சம் தள்ளி வரும். யாருக்கும் தெரியாது. எல்லாரும் பாதி ஜெயிப்பாங்க, பாதி தோப்பாங்க."

"இதுக்குப் பேரு போங்கு."

"போங்கு இல்லம்மா, அமைதி. கேரம் போர்டுனால பேச்சு நின்னு போன வீடு எத்தனை தெரியுமா? இப்ப அந்தத் தொல்லையே இல்ல. பள்ளிக்கூட விளையாட்டு விழாவுல ஒரு குழந்தை அழுது பாத்திருக்கறயா நீ?"

"பாத்தனே. அழறதில்ல. ஜெயிச்ச குழந்தையும் சிரிக்கறதில்ல."

நேத்ராவின் கை அப்போதுதான் நின்றது. அம்மாவின் பேச்சுக்குப் பதில் தேடுகிறாள் என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டாள்.

"வர்ற ஞாயிறு அதை நிறுத்திப் போடு."

"வேண்டாம்மா. மாமா மனசு சங்கடப்படுவாரு. கல்யாண நேரம்."

"சும்மா ஒரு நாள். அவரு பாட்டுக்குத் தோத்துட்டுப் போறாரு, நான் என்ன ஊர் பூரா தமுக்கா அடிக்கப் போறேன்?"

உண்மையைச் சொன்னால், தமுக்கு அடிக்க வேண்டும் என்றுதான் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நேத்ரா சமனியை நிறுத்திவிட்டாள் என்று கேட்டதும் குழந்தைவேலு பலகையைக் கையில் எடுக்கவே தயங்கினார். "எதுக்குங்க சம்பந்தியம்மா, இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். பயந்துவிட்டார் என்று அவளுக்கு ஒரே குஷி. "ஒரு மாறுதலுக்குத்தானுங்க" என்று சிரித்துக்கொண்டே முதல் மாடியில் காலை எடுத்தாள்.

எடுத்த கால் மாடியில் விழவில்லை. சந்துக்குள் விழுந்தது.

இரண்டாம் முறை காக்கை கொத்தியது. மூன்றாம் முறை துணியில் சிக்கினாள். அவர் தொட்டி உதைத்துக்கொண்டே போய்க் கம்பத்தைத் தொட்டார். அடுத்த ஆட்டமும் அப்படியே. அதற்கடுத்த ஆட்டத்தில் அவர் தொட்டிகளைக் கொஞ்சம் அதிகமாகவே உதைத்தார், அவள் வந்து சேரட்டும் என்பது போல. அப்படியும் அவள் வந்து சேரவில்லை. பத்து ஆட்டம் ஆடினார்கள், பத்திலும் அவர்தான். பதினோராவது ஆட்டத்துக்கு முன்னால் குழந்தைவேலு மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டு, "கை வலிக்குதுங்க, இன்னிக்கு இது போதுமுங்களே" என்றார். அவர் கைக்கு ஒரு வலியும் இல்லை என்பது கைக்கே தெரிந்திருக்கும்.

அவர்கள் போன பிறகு கோகிலவாணி சோபாவைவிட்டு எழவில்லை.

"மிஷின்ல ஏதோ கோளாறு."

"கோளாறு இல்லம்மா." நேத்ரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சமனி முதல் வாரத்துல இருந்து உன்ற பக்கம்தான் வேலை செஞ்சுக்கிட்டிருந்துச்சு. மாமா பக்கம் போனதே இல்ல."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவருக்கு?"

"தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன். மில்லுல இருக்கற அத்தனை மிஷினையும் பிரிச்சு மாட்டறவரு."

தெருவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது, வீட்டில் விட்டுவிட்டு வர முடியாத குட்டித் தங்கை ஒருத்தி கூடவே வருவாள். அவளையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அவளும் ஓடுவாள், கத்துவாள், மூச்சு வாங்குவாள். ஆனால் அவளைத் தொட்டாலும் அவுட் கிடையாது, அவள் தொட்டாலும் அவுட் கிடையாது. எல்லாருக்கும் அது தெரியும், அவளைத் தவிர. அதற்குப் பெயர் ஒப்புக்குச் சப்பாணி. கோகிலவாணிக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை ஞாயிறும் வாய் நிறைய "ஐயோ பாவம் சம்பந்தி, இந்தத் தடவையும் போச்சா!" என்று சிரித்தாளே, அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது வரிசையாகத் திரும்பி வந்து அவளைப் பார்த்துச் சிரித்தன.

"என்னை ஒப்புக்குச் சப்பாணியாக்கி வெச்சிருக்கீங்க எல்லாரும் சேர்ந்து."

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?" நேத்ராவின் குரல் சின்னதாகியிருந்தது. "நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப தாயத்துல உன்னை ஜெயிச்சுக்கிட்டே இருப்பேனே. அதெல்லாம்?"

கோகிலவாணி மகளைப் பார்க்காமல் சோபா உறையின் சுருக்கத்தை நீவினாள்.

"நெனச்சேன்" என்றாள் நேத்ரா. "நான் ஜெயிக்கறப்பல்லாம் உன்ற மூஞ்சி அப்படிப் பூரிச்சுப் போயிருக்கும். அந்த மூஞ்சிய எல்லா வீட்டுலயும் பாக்கோணும்னுதாம்மா இந்த வேலையில சேந்தேன். நீ எனக்குப் பண்ணினதைத்தான் மிஷினுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

கோகிலவாணிக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மகளின் தலையைத் தடவினாள். "உனக்கு அப்ப ஆறு வயசு கண்ணு" என்றாள். "எனக்கு அம்பத்தெட்டு."

மறுநாள் காலையில் அவளே பொள்ளாச்சிக்குப் போன் போட்டாள்.

"சம்பந்தி, நேராவே சொல்லீர்றேன். இனிமே சமனி இல்லாமத்தான் ஆடோணும்."

"சொந்தத்துக்குள்ள அதெதுக்குங்க…"

"சொந்தம் வேறங்க, ஆட்டம் வேறங்க. இன்னொண்ணு. ஆளுக்கொரு குதியெல்லாம் இனி வேண்டாம். ரெண்டு பேருக்கும் ஒரே குதி."

"யாரு குதிங்க?"

அங்கே பேச்சு சூடு பிடித்தது. நகை, சீர் பேசும்போது "உங்க பொண்ணுக்கு நீங்க பாத்துச் செய்யறதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்த மனுஷர், குதிக்கு முக்கால் மணி நேரம் பேரம் பேசினார். மூன்று உயிர்தான் என்பதற்கு ஒப்புக்கொண்டார். சேமிப்பு கிடையாது என்பதற்குப் பெருமூச்சு விட்டு ஒப்புக்கொண்டார். தொட்டிகளை எடுத்துவிடலாம் என்றதும், "அப்ப நான் எதுக்குங்க ஆடறது?" என்றார். தொட்டிகள் தப்பின. குதிக்கு, ஒவ்வொரு வாரமும் காசு சுண்டிப் பார்ப்பது என்று முடிவானது.

முதல் வாரம் பூ விழுந்து அவளுடைய வளையாத குதி வந்தது. அதிலும் அவர்தான் ஜெயித்தார். சொந்த வீட்டில் புகுந்து அடித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது அவளுக்கு. இதில் அவருடைய மரியாதை வேறு. மாடி விளிம்பில் நிற்கிற அவளுடைய ஆளைத் தோளால் இடித்துக் கீழே தள்ளும்போதெல்லாம், "மன்னிக்கோணுங்க சம்பந்தியம்மா" என்று வாய் சொல்லும். கை தள்ளிவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தை அவளே எதிர்பார்க்கவில்லை. தோற்பதில் ஒரு ருசி இருந்தது. எந்த மாடியில், எந்தத் துணியருகே, எவ்வளவு முந்தி அமுக்கினோம் என்று விரலுக்குத் தெரிந்தது. சமனி இருந்த காலத்தில் ஜெயித்தபோது விரலுக்கு ஒன்றுமே தெரிந்ததில்லை. தினமும் காலையில் பூ வாங்கி, சாமி கும்பிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு அவள் பலகையை எடுத்து உட்கார்ந்துவிடுவாள். கல்யாணப் பத்திரிகைக்கு ஆள் வந்தால், "ஒரு உயிர்தான் இருக்குது, கொஞ்சம் இருங்க" என்று காக்க வைப்பாள். வளைகிற குதியையும் பழகினாள். முதலில் குமட்டியது. ஆகாயத்தில் வைத்து முடிவை மாற்றுவதற்குக் கை கூசியது. பிறகு ஒரு நாள், தண்ணீர்த் தொட்டியில் மோதப் போன ஆளை நடுவானத்தில் லேசாக ஒடித்து அடுத்த மாடியில் இறக்கியபோது, "அட, இதிலும் ஒண்ணு இருக்கத்தான் செய்யுது" என்று வாய்விட்டுச் சொன்னாள். சம்பந்தியிடம் அதைச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மனசெல்லாம் அவளுக்குக் கிடையாது.

அவளுடைய தோல்விகள் மெல்ல மெல்ல அழகாயின. முதலில் நாலு மாடி பின்தங்கினாள், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஒருமுறை கம்பத்துக்கு ஒரு எட்டு முன்னால் தோற்றாள். அன்றைக்குக் குழந்தைவேலு மன்னிப்புக் கேட்க மறந்துபோனார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கேதான் அது காதில் விழுந்தது. காபி கலக்கச் சமையலறைக்குள் போனவள், பின்பக்கப் பால்கனியில் கவினின் குரலைக் கேட்டாள்.

"அப்பா, ஒரே ஒரு தடவை விட்டுக் குடுத்துருங்கப்பா. கல்யாணம் பக்கத்துல வந்துருச்சு. அத்தை மூஞ்சிய நீங்களே பாத்தீங்கல்ல? யாருக்கும் தெரியாம, லேசா."

"ம்" என்றார் குழந்தைவேலு.

கோகிலவாணி கையில் இருந்த டம்ளரை மேடையில் வைத்துவிட்டாள். பெட்டிக்குள் இருந்த சமனியை நிறுத்தலாம். சம்பந்தியின் சட்டைக்குள் இருக்கிற சமனியை எந்தப் பட்டனை அமுக்கி நிறுத்துவது? அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் கேட்கவும் முடியாது. "விட்டுக் குடுத்துராதீங்க" என்று சொன்னால், "சேச்சே, சரிங்க" என்பார். மாப்பிள்ளை வீட்டு மரியாதையில் "சரிங்க" என்பதற்கு அர்த்தம் தேடினால் அகராதி கிழிந்துவிடும். கவின் நல்ல பையன், அவள் மனசு நோகக் கூடாது என்று நினைக்கிறான். அந்த நல்ல மனசுதான் இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது. இனிமேல் தோற்றால் தோல்வி. ஜெயித்தாலோ, அது ஜெயிப்பா பிச்சையா என்று சாகிற வரை தெரியாது. மகள் கல்யாணத்தில் மேடை ஏறி அவர் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். மறுபடியும் சப்பாணியாகவா?

அந்த வாரம் அவள் பலகையையே தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், ஜெயிக்கிற மாதிரி இருந்தால் வேண்டுமென்றே சந்துக்குள் குதித்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். பிறகு அவளுக்கே அசிங்கமாக இருந்தது. அப்படிச் செய்தால் இவளும் ஒரு சமனியாகிவிடுவாளே.

ஞாயிறு வந்தது. காசு சுண்டியதில் தலை விழுந்து, அவருடைய வளைகிற குதி. கவின் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முறை தொண்டையைச் செருமினான். நேத்ரா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள்.

ஆறு ஆட்டம் அவர் ஜெயித்தார். ஏழாவது ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு உயிர்தான் மிச்சம். ஒன்றாகவே ஓடினார்கள். அவர் தொட்டி உதைப்பதை நிறுத்தியிருந்தார். அதை அவள் கவனித்தாள், ஆனால் யோசிக்க நேரமில்லை. கடைசிக்கு முந்தின மாடியில் அவர் ஒரு எட்டு முன்னால் எம்பினார். அவள் பின்னாலேயே எம்பினாள். அப்போதுதான் வலப்பக்கத்திலிருந்து காக்கை வந்தது. அவள் நடுவானத்தில் ஆளை ஒடித்து இடப்பக்கம் சாய்த்தாள். காக்கை நேராகப் போய் அவருடைய ஆளின் மண்டையில் கொத்தியது. குட்டி ஆள் கையைக் காலை உதறிக்கொண்டு சந்துக்குள் போனான். அவளுடைய ஆள் மாடியில் இறங்கி, ஓடி, கம்பத்தைத் தொட்டான். டிங் டிங் டிங் என்று அந்தப் பழைய பாணி மணிச் சத்தம் கேட்டது.

"சூப்பர் அத்தை!" கவின் கைதட்டினான். அரை நொடி முந்தியே தட்டிவிட்டான் போலிருந்தது.

கோகிலவாணிக்குச் சந்தோஷம் வரவில்லை. அவ்வளவுதான், கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். இனி அவர் மெல்லச் சிரித்து, "பிரமாதமுங்க சம்பந்தியம்மா" என்று சொல்லுவார், அதற்கு நாம் கைகூப்ப வேண்டும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

குழந்தைவேலுவின் காது இரண்டும் சிவந்திருந்தன.

"இது செல்லாது" என்றார்.

"அப்பா…"

"செல்லாதுங்கறேன். எங்கிருந்துடா வந்துச்சு அந்தக் காக்கா? இத்தனை நாள் ஆடறேன், அந்த மாடில காக்கா வந்து ஒரு நாள் பாத்ததில்ல. அவங்களை விட்டுப்போட்டு எனக்கு மட்டும் கொத்துது!"

"அது யாருக்கு வேணா வருங்க மாமா" என்றாள் நேத்ரா மெதுவாக.

"இந்தப் பட்டன் ஒட்டுது. அமுக்கிப் பாரு. அமுக்கிப் பாருடா! நல்ல பலகைய அங்க குடுத்துட்டு ஓட்டைய எனக்குக் குடுத்திருக்கறீங்க."

"அப்பா, விடுங்கப்பா, ஒரு ஆட்டம்தானே…"

"எல்லாம் உன்னாலதாண்டா!" அவர் எழுந்தே விட்டார். "விட்டுக் குடு, விட்டுக் குடுன்னு ஒரு வாரமாக் காதுல ஓதி ஓதி என்ற கவனத்தையே செதறடிச்சுட்டே! நான் எதுக்குடா விட்டுக் குடுக்கோணும்? ஜெயிக்கற ஆட்டம்டா அது! என்ற ஆட்டம்!"

சொல்லி முடித்த பிறகுதான் யார் வீட்டில் நிற்கிறோம் என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வந்தும் பயனில்லை. கோபம் இறங்க மறுத்தது. மேசையில் இருந்த காபியைத் தொடாமல், போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல், செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். கார்க் கதவை ஓங்கிச் சாத்தப் பார்த்தார். அது இந்தக் காலத்துக் கார். அவர் கையை மெல்ல விலக்கிவிட்டுத் தானே சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. பாவம், அந்தச் சுகம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

கவின் அத்தையிடம் பத்து முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு அப்பாவின் பின்னால் ஓடினான். நேத்ரா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"போச்சும்மா. கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கறப்ப சம்பந்தியக் கோவிச்சுக்க வெச்சாச்சு. இதுக்குத்தானம்மா சமனி வேணும்னு சொன்னேன்! நீ என்ன, சிரிக்கறயா?"

கோகிலவாணி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள். விட்டுக்கொடுத்தவன் இப்படிக் குதிக்க மாட்டான். விட்டுக்கொடுத்தவன் பெரிய மனுஷனாக நின்று வாழ்த்துவான். இந்த மனுஷர் அறுபது வயதில் பட்டன் ஒட்டுகிறது என்று அழுதுவிட்டுப் போகிறார் என்றால், அவர் உயிரைக் கொடுத்து ஆடியிருக்கிறார். அவளை ஜெயிப்பதற்காக. ஒரு வெறும் ஆட்டத்தில், அவளுக்குப் பயந்து, அவளைச் சமமாக வைத்து. அவள் தன் காபியைக் குடித்தாள், பிறகு சம்பந்தியின் காபியையும் எடுத்துக் குடித்தாள்.

நாலு நாள் பொள்ளாச்சியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. முகூர்த்தப் புடவை எடுக்கப் போவது தள்ளிப்போனது. விஷயம் கசிந்து ஈரோட்டு நாத்தனார் போன் செய்து, "நேர்ல போயி ஒரு வார்த்தை தணிஞ்சு பேசீட்டு வந்துருங்க அண்ணி, நாமதான் பொண்ணு வீடு" என்று புத்தி சொன்னாள். நேத்ராவுக்கு முகம் வாடியே இருந்தது. அவளுக்காகவாவது போய்விட்டு வரலாமா என்று கோகிலவாணிக்கும் வெள்ளிக்கிழமை காலையில் தோன்றத்தான் செய்தது. சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது கவினின் போன் வந்தது.

"அத்தை, அப்பா ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லீட்டாருங்க."

"நல்லதுங்க மாப்பிள்ளை." அவளுக்கு மூச்சு வந்தது. பக்கத்தில் நின்ற நேத்ராவுக்கும் வந்தது.

"ஆனா ஒரு கண்டிசன் போடறாருங்க அத்தை."

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டாரின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் பெண்ணைப் பெற்றவள் நகையையும் சீரையும்தான் முதலில் நினைப்பாள். கோகிலவாணி மடித்துக்கொண்டிருந்த கொசுவத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "சொல்லுங்க" என்றாள்.

"நாலு நாளா மில்லுக்கே போகலைங்க. வீட்டுல உக்காந்து அதே மாடியத் திருப்பித் திருப்பி ஆடிக்கிட்டிருக்கறாரு." கவினின் குரல் வெட்கத்தில் தேய்ந்தது. "அந்தக் காக்காய எடுத்துப்போட்டு ஆடலாமான்னு உங்ககிட்டக் கேக்கச் சொன்னாருங்க."

கோகிலவாணி யோசித்தாள். யோசிக்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் கொஞ்சம் காக்க வைத்தாள்.

"முடியாதுன்னு சொல்லீருங்க மாப்பிள்ளை" என்றாள்.

போனுக்குள் கவின் மெல்ல யாரிடமோ எதையோ சொல்வது கேட்டது. அதற்குப் பின்னால், வீடே அதிர, ஒரு பெரிய மனுஷரின் குரல் கத்தியது:

"அழுகுணி ஆட்டம்!"